காடழிவைக் கண்ணால் பார்க்க ஒரு மணி நேரம்

காடுகள் அழிவதைப் பற்றிப் பல ஆண்டுகள் வகுப்பில் வாய் ஓயாமல் பேசினேன். மாணவர்கள் குறிப்பெடுத்ததோடு சரி. செயற்கைக்கோள் படத்தைத் திரையில் காட்டிய அன்றுதான் கேள்விகள் வந்தன. நீங்களும் வீட்டிலிருந்தே அதைப் பார்க்கலாம்.

'குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்' இணையதளத்தைத் திறங்கள், கட்டணம் இல்லை. வரைபடத்தில் பிரேசிலின் அமேசான் பகுதியிலுள்ள ரொண்டோனியா மாநிலத்தைத் தேடிப் பெரிதாக்குங்கள். அடர்ந்த பச்சைக்கு நடுவே மீன்முள் போலக் கோடுகள் தெரியும். நடுமுள் சாலை, பக்க முட்கள் அதிலிருந்து பிரிந்த கிளைச் சாலைகள். சாலை வந்ததும் ரம்பம் வந்தது, பிறகு மேய்ச்சல் மாடுகள். இனி 2001 முதல் ஆண்டுகளை ஓடவிடுங்கள். மரம் போன இடமெல்லாம் இளஞ்சிவப்புப் புள்ளிகள் படியும். ஒரு புள்ளி, தரையில் ஏறத்தாழ 30 மீட்டர் நீள அகலம். அவசரமில்லாமல் பாருங்கள்.

அந்தப் புள்ளிகள் எல்லாமே நிரந்தரக் காடழிப்பு அல்ல. தோப்பை வெட்டி மறுபடி நட்டாலும், காட்டுத்தீ எரித்தாலும் அதே நிறம்தான். இதைச் சொல்லாமல் படத்தைப் பிறருக்குக் காட்டாதீர்கள். ஒரு பிழை அகப்பட்டால் உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

இப்போது வரைபடத்தில் தெற்கே நகருங்கள். அமேசான் மரங்கள் வேரால் உறிஞ்சி இலைவழி வெளிவிடும் ஈரத்தைக் காற்று சுமந்து போகிறது. ஆண்டிஸ் மலை அதைத் தெற்கே திருப்பிவிட, பராகுவேயிலும் வட அர்ஜென்டினாவிலும் மழையாகிறது. 'பறக்கும் ஆறுகள்' என்று இதற்குப் பெயர். ஒரு நாட்டில் மரம் சாய்ந்தால் இன்னொரு நாட்டு வயல் காய்கிறது. எரியும் மரத்தின் கரியமில வாயுவோ உலகம் முழுவதையும் சூடாக்குகிறது. 1990 முதல் 2020 வரை உலகம் இழந்த காடு 42 கோடி ஹெக்டேர் என்கிறது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு. ஏறக்குறைய ஐரோப்பிய ஒன்றியம் அளவு நிலம்!

அடுத்து, வீட்டுக்குள் தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டம், காடழிப்போடு தொடர்புள்ள ஏழு பொருள்களைக் குறிக்கிறது: மாடு, கொக்கோ, காபி, பாமாயில், ரப்பர், சோயா, மரம். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உறைகளைப் படியுங்கள். என் மாணவி ஒருத்தி சோப்பு உறையில் 'சோடியம் பாமேட்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தாள். அது பாமாயிலிலிருந்து வருவது.

உடனே பாமாயிலை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். ஒரு ஹெக்டேரில் மற்ற வித்துகளைவிட அதிக எண்ணெய் தருவது அது. வேறு எண்ணெய்க்கு மாறினால் இன்னும் நிலம் கேட்கும். எந்தத் தோட்டத்து எண்ணெய் என்று நிறுவனத்தைக் கேட்டு எழுதுங்கள். உறையின் படத்தையும் இணையுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாதம் மறுபடி எழுதுங்கள்.