இன்ஜின் கட்டிய பிறகு கிராங்க் இறுக்கமாகச் சுற்றுகிறதா? படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறை

பழைய சேட்டக், எல்.எம்.எல். வெஸ்பா போன்ற டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களை வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் இன்னும் ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. வீட்டு வாசலிலேயே இன்ஜினைப் பிரித்து, பேரிங்கும் சீலும் மாற்றி, சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து (போர் அடித்து) புதுப் பிஸ்டன் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். எல்லாம் முடித்து, கிராங்கின் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டின்) முனையிலுள்ள காந்தச் சக்கரமான மேக்னட்டைக் கையால் சுற்றினால் அது அசைய மறுக்கிறது. பக்கத்தில் நிற்பவர் உடனே ஆறுதல் சொல்வார்: "புது வேலை அல்லவா, ஓட ஓட இளகிவிடும்."

இதை நம்பி உதைத்துக் கிளப்பாதீர்கள். பிஸ்டன் ரிங்கும் ஆயில் சீலும் ஓட்டத்தில் இளகும், உண்மைதான். ஆனால் பக்கவாட்டில் நெருக்கப்பட்ட பேரிங்கும் கேஸில் (இன்ஜினின் வெளிக்கூட்டில்) உரசும் கிராங்கும் இளகவே இளகாது. அவை சூடேறி, ஏலகிரி ஏற்றத்தில் ஏதோ ஒரு வளைவில் பின்சக்கரத்தைப் பூட்டிவிடும். எந்த இறுக்கம் இளகும், எது இளகாது என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையில் பாதி.

முதலில் இறுக்கத்தின் குணத்தைப் பாருங்கள்

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள், கம்ப்ரஷன் போய்விடும். கியரை நியூட்ரலில் வையுங்கள். மேக்னட்டின் விளிம்பிலும் அதற்கு நேராகக் கேஸிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கிக்கரைத் தொடவே வேண்டாம். கிக்கரின் நெம்புவிசை, கை உணர வேண்டிய எதையும் உணரவிடாது.

சுற்று முழுக்க ஒரே சீரான பிடிப்பு என்றால் சீல், அல்லது நெருக்கப்பட்ட பேரிங். ஒவ்வொரு சுற்றிலும் கோடு அதே இடத்துக்கு வரும்போது மட்டும் பிடித்தால், கிராங்க் கோணியிருக்கலாம், அல்லது ஏதோ ஓரிடத்தில் உரசுகிறது. ஒரு சுற்றில் இரண்டு முறை, பிஸ்டன் ஏறும்போது ஒன்று இறங்கும்போது ஒன்று எனப் பிடித்தால் சிலிண்டரைச் சந்தேகப்படுங்கள். 'டக்' என்று முட்டி நின்றால் அது இறுக்கமே அல்ல, எதுவோ குறுக்கே நிற்கிறது. ரிங்கின் வாய் (அதன் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி), பிஸ்டன் காடியில் உள்ள சிறு ஊசியின் மேல் ஏறியிருக்கலாம். அந்த நிலையில் பலம் கொடுத்தால் ரிங் உடையும், சிலிண்டரும் கீறும்.

பிறகு, மாட்டிய வரிசைக்கு எதிராகக் கழற்றுங்கள்

ஒரு பொருளைக் கழற்றியதும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் இறுக்கம் விடுகிறதோ, குற்றம் அங்கேதான். அவசரத்தில் இரண்டைச் சேர்த்துக் கழற்றினால் இந்தச் சோதனைக்கே பொருளில்லை.

மேக்னட்டை புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு எடுங்கள். உள்ளே காந்தத்தில் ஒட்டிய வாஷரோ, உள்ளே அசையாமல் நிற்கும் கம்பிச்சுருளான ஸ்டேட்டர் காயிலில் உரசிய பளபளப்போ தெரிந்தால் வேலை முடிந்தது.

அடுத்து ஹெட்டும் சிலிண்டரும். ரிங்கை மட்டும் தனியாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். சேட்டக்கின் 57 மி.மீ. போருக்கு (சிலிண்டர் உள்விட்டத்துக்கு) 0.2 முதல் 0.35 மி.மீ. வரை இருந்தால் நல்லது. அதைவிடக் குறைந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டிக்கொள்ளும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் துவாரத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பின் கிளட்ச். நியூட்ரலில் இருந்தாலும் கிளட்ச் பல்சக்கரம் கியர் பெட்டியின் ஒரு பகுதியைச் சேர்த்தே சுற்றுகிறது. கிளட்சைக் கழற்றினால்தான் கிராங்க் தனிமைப்படும். இப்போது இறுக்கம் விட்டுவிட்டால் கிக்கர் பல்லையும் கியர் தண்டையும் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இறுக்கம் இருந்தால் கேஸ் போல்ட்களைக் குறுக்குக் குறுக்காக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். தளர்த்தியதுமே கிராங்க் சுலபமாகச் சுற்றினால், கேஸின் இரு பாதியும் நேராக உட்காரவில்லை என்று பொருள். பழைய கேஸ்கட்டின் துணுக்கு ஒட்டியிருக்கும், அல்லது மண். பாலாறு வறண்டு கிடக்கும் மாதங்களில் காற்றடித்தால் வாசலெல்லாம் மணல்தான். கேஸைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதானாலும் ஈரத்துணி போட்டு மூடிவிட்டுப் போங்கள்.

குற்றம் கிராங்கில் என்றால்

இங்கேதான் பொறுமை வேண்டும். பெரும்பாலும் காரணம் சுத்தியல். ஸ்கூட்டர் கிராங்க் ஒற்றை இரும்பு அல்ல. இரண்டு தட்டுகளை நடுவில் ஒரு பின் போட்டு அழுத்திச் சேர்த்தது. பேரிங்கில் இறங்கவில்லை என்று தண்டின் தலையில் ஓங்கி அடித்தால், தட்டுகள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். அடி பேரிங்கின் உள்வளையம் வழியாகக் குண்டுகளுக்குப் போய், குண்டு ஓடும் தடத்தில் பள்ளம் விழும். அந்தப் பேரிங்கை விரலால் சுற்றினால் கரகரவென்று, நின்று நின்று போகும். அதைத் தூக்கிப் போடுங்கள்.

பள்ளம் இல்லை, வெறும் நெருக்கம்தான் என்றால் ஒரு வழி உண்டு. தண்டின் முனையில் மரை கெடாமல் இருக்க நட்டை விளிம்பு வரை மாட்டிவிட்டு, நைலான் சுத்தியால் இரு முனையிலும் மாறி மாறி லேசாகத் தட்டுங்கள். பக்கவாட்டு நெருக்கம் மட்டும்தான் காரணம் என்றால் கை உடனே உணரும். மேலும் பலமாகத் தட்டத் தோன்றினால் நிறுத்திவிட்டுக் கேஸைப் பிரியுங்கள்.

பிரித்ததும் கிராங்க் தட்டின் விளிம்பில் மார்க்கர் மை பூசி, மறுபடி கட்டி, நாலைந்து சுற்றுச் சுற்றிப் பிரித்துப் பாருங்கள். மை அழிந்து வெள்ளி மின்னும் இடம்தான் உரசும் இடம். சேட்டக், வெஸ்பா வகைகள் பலவற்றில் கிராங்க் தட்டே பெட்ரோல் காற்று நுழையும் வழியைத் திறந்து மூடுகிறது. அங்கே இடைவெளி மயிரிழைதான். ஒரு மணல் துகள் போதும். கோணல் இருக்கிறதா என்பதை வி பிளாக்கில் (தண்டைத் தாங்கும் வி வடிவக் கட்டையில்) வைத்து, முள் காட்டும் அளவுகருவியான டயல் கேஜால்தான் சொல்ல முடியும், 0.03 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. ராணிப்பேட்டை, வேலூர் லேத் பட்டறைகளில் டயல் கேஜ் வைத்துப் பார்ப்பவரிடம் கொடுங்கள். கண்ணால் பார்த்தே நேர் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

திரும்பக் கட்டும்போது

பேரிங்கைச் சூட்டில் இறக்குங்கள். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 62 மி.மீ. துளை, 80 டிகிரி கூடுதல் சூட்டில் சுமார் 0.11 மி.மீ. பெரிதாகும், பேரிங் தன் எடையிலேயே இறங்க அது போதும். வேலூர் சித்திரை வெயிலில் கேஸைக் காயவைத்தால் இந்தச் சூடு வராது. சீல்களை எடுத்துவிட்டு, கழுவிய பெட்ரோல் வாசனைகூட இல்லாமல் உலர்த்திய பிறகு, பழைய தோசைக்கல்லின் மேல் வைத்துச் சிறு தீயில் சூடாக்குங்கள். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று துள்ள வேண்டும். கிராங்கை முந்தின இரவே பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

பேரிங் வாங்கும்போது எண்ணுக்குப் பின் சி3 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதில் குண்டுகளுக்குச் சற்றுக் கூடுதல் இடம் உண்டு. சாதாரண பேரிங்கை இறுக்கமான துளையில் இறக்கினால் அந்த இடம் தீர்ந்து, பிழையே செய்யாமலும் கிராங்க் இறுகும். சீலின் உதட்டில் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) தடவி, மடங்காமல் நுழையுங்கள். பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் பெரிய முனைப் பேரிங்கிலும் அதே ஆயிலைச் சொட்டுங்கள்.

ஒவ்வொரு பொருளை மாட்டியதும் கையால் சுற்றிவிட்டே அடுத்ததை எடுங்கள். லிட்டருக்கு 20 மி.லி. 2டி ஆயில் கலந்த பெட்ரோலில் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். நன்றாக ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றி மறுபடி சுற்றுங்கள். கிளப்புவதற்கு முன் இருந்ததைவிட இறுக்கம் கூடியிருந்தால் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்; புதுக் கேஸ்கட் ஒன்று வாங்கி வந்து கேஸைத் திரும்பப் பிரியுங்கள்.