சீலிங் அடித்த போர்ச் கூரைக்கு வென்ட் (காற்றுத் திறப்பு) கணக்கிடுவது எப்படி?

போர்ச், அதாவது வீட்டின் கூரை போட்ட முகப்பு, திறந்துதானே கிடக்கிறது, அதற்கு எதற்குக் காற்றோட்டம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சிக்கல் சீலிங்குக்கும் கூரைப் பலகைக்கும் நடுவே அடைபட்ட இடத்தில்தான். இரவில் கூரை குளிரும்போது அங்கே தேங்கிய ஈரம் பிளைவுட்டின் அடியில் படிந்து, நாளடைவில் பூஞ்சை பிடித்து மரம் இற்றுவிடும். அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதியான ஐஆர்சி, ஆர்806 பிரிவில் இதற்கு அளவு சொல்கிறது. ஊருக்கு ஊர் திருத்தம் இருக்கும். அனுமதி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. அண்ணாந்து பாருங்கள். கைமரங்கள் வெளியே தெரிந்தால் வென்ட் தேவையில்லை. பலகை அடித்து மூடியிருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

2. சீலிங்கின் பரப்பைக் கணக்கிடுங்கள். 20 அடிக்கு 8 அடி என்றால் 160 சதுர அடி. அதில் 150-ல் ஒரு பங்கு திறப்பு வேண்டும்: சுமார் 154 சதுர அங்குலம். திறப்பில் 40 முதல் 50 சதவீதம் உச்சியிலிருந்து 3 அடிக்குள்ளும், மீதி கீழ் மூன்றில் ஒரு பங்கிலும் இருந்தால் 300-ல் ஒரு பங்கு, அதாவது 77 சதுர அங்குலம் போதும். விதி பிரித்திருக்கும் தட்பவெப்ப மண்டலங்களில் குளிரான 6, 7, 8-ல் இந்தச் சலுகைக்கு நீராவித் தடுப்பும் வேண்டும்.

3. வென்ட்டின் நீள அகலத்தைப் பெருக்காதீர்கள். கம்பிவலை போக மிஞ்சும் திறப்புதான் கணக்கு. லேபிளில் 'நெட் ஃப்ரீ ஏரியா' என்று இருக்கும். அடிக்கு 9 சதுர அங்குலம் தரும் பட்டை வென்ட் என்றால், கீழே நாலரை அடி, மேலே நாலரை அடி போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் சீலிங் நேராகக் கைமரத்தில் அடிக்கப்பட்டிருந்தால் இரண்டு கைமரங்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு இடைவெளியும் தனி அறை. அப்போது 20 அடிக்கும் பட்டை ஓட்டுங்கள், மேலும் கீழும். இன்சுலேஷன் வைத்தால் அதற்கும் கூரைப் பலகைக்கும் நடுவே 1 அங்குலமாவது விடுங்கள்.

4. சுவரோடு சாய்ந்த கூரையில் மேல் திறப்புதான் தவறிப்போகும். சாதாரண ஃபிளாஷிங் (கூரையும் சுவரும் சேரும் இடத்தில் நீர் புகாமல் அடிக்கும் தகடு) அதை அடைத்துவிடும். கூரைப் பலகையைச் சுவருக்குச் சற்று முன்பே நிறுத்தி, சுவரோரத்துக்கென்றே செய்த வென்ட்டைப் பொருத்தி, அதன் மேல்விளிம்பு சுவரின் வெளிப்புற உறைப் பலகைக்குப் பின்னால் ஏறுமாறு ஃபிளாஷிங் போடுங்கள்.

5. வலைக் கண் 1/16 அங்குலத்துக்குக் குறையாமலும் 1/4-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு வலையைப் பொருத்துங்கள். முன்பே பொருத்தினால் கண்கள் அடைந்துவிடும்.

புதிதாகச் சேர்க்கும் போர்ச் என்றால் இன்னொன்று. அதன் கூரை வீட்டின் பழைய இறவாரத் திறப்புகளை மூடினால், வீட்டுப் பரணுக்குக் காற்று நுழையும் வழி போய்விடும். இரண்டுக்கும் நடுவே வழி வெட்டி, போர்ச்சின் கீழ்த் திறப்பை இரண்டு பரப்புக்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.