ராக்கோழிகள் தவறாமல் செய்யும் தவறுகள்

"இன்றைக்காவது சீக்கிரம் தூங்கிவிட வேண்டும்" என்று பத்தரைக்கே விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பது முதல் தவறு. தினமும் ஒன்றரை மணிக்குத் தூங்குகிறவருக்கு, அதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் உடம்பு தூங்கவே மறுக்கும் நேரம். தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டு, போனில் மணி பார்த்து, "இப்போது தூங்கினால்கூட ஐந்து மணி நேரம் கிடைக்கும்" என்று கணக்குப் போட்டு... வருடக்கணக்கில் நானும் போட்ட கணக்குதான். மிச்சமானது, படுக்கையைப் பார்த்தாலே விழித்துக்கொள்ளும் பழக்கம். தூக்கம் வந்தபின் படுங்கள். மாற்ற வேண்டியது எழுகிற நேரத்தை.

அதையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. பலரும் சறுக்குவது இங்கேதான். உடம்பின் உட்கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் எந்தப் பக்கம் திருத்தும் என்பது வெளிச்சம் படும் நேரத்தைப் பொறுத்தது. இயல்பாக விழிப்பதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகக் குறையும். அதற்குப் பின் படும் வெளிச்சம் தூக்க நேரத்தை முன்னே இழுக்கும். முன்பே பட்டால் பின்னே தள்ளும். அலாரம் இல்லாவிட்டால் பத்து மணிக்கு எழுகிறவருக்கு அந்தப் புள்ளி எட்டு மணி வாக்கில் வரும். அவர் வைராக்கியமாக ஆறு மணிக்கு எழுந்து வெயிலில் போய் நின்றால், உட்கடிகாரம் அதை முந்தைய ராத்திரியின் விளக்காகவே எடுத்துக்கொள்ளும். தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். இப்போது எழும் நேரத்திலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரைமணி வீதம் முன்னே நகர்த்துங்கள். எழுந்ததும் நல்ல வெளிச்சம், படுக்குமுன் மங்கல் விளக்கு.

அப்புறம் விடுமுறை நாள். மதியம் வரை தூங்கினால் வாரம் முழுக்க நகர்த்தியது அன்றே பழைய இடத்துக்குப் போய்விடும். விமானமே ஏறாமல் வரும் இந்த அலுப்புக்கு 'சமூக ஜெட்லாக்' என்று 2006-இல் ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம், அவ்வளவுதான்.

மாலை காபி வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் பாதி காஃபின் உடம்பில் இருக்கும். இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோனான மெலடோனினைத் தூக்க மாத்திரைபோலப் படுக்கும் நேரத்தில் போடுவதும் தவறு. கடிகாரத்தை நகர்த்த அதைச் சில மணி நேரம் முன்பே எடுக்க வேண்டும். எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, இதெல்லாம் சோம்பேறித்தனம்தானே? இல்லை. தாமதமான தூக்கத்தை ஒரு தனிக் கோளாறாக மருத்துவம் 1981-லேயே விவரித்துவிட்டது. சில குடும்பங்களில் சிஆர்ஒய்1 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே காரணம் என்று 2017-இல் தெரியவந்தது. அதற்காக எல்லாப் பழியையும் மரபணுமேல் போடவும் முடியாது. விடுமுறையில் இஷ்டப்பட்ட நேரத்துக்குத் தூங்கி, தெளிவாக எழுகிறீர்களா? அப்படியானால் உங்கள் கடிகாரம் தாமதம். எப்போது படுத்தாலும் தூக்கம் வரவில்லை என்றால் அது தூக்கமின்மை. அதற்கு வைத்தியம் வேறு.