மெசின் 28,000 என்று காட்டிய நாள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு டெங்கு ஆய்வுக்காகக் குருதி மாதிரிகள் எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு அம்மாவின் சிறுதட்டுக்கள் (குருதி உறைய உதவும் பிளேட்லெட்டுகள்) ஒரு மைக்ரோலீற்றருக்கு 28,000 என்று, ஆபத்தான அளவுக்குக் குறைவாக, தானியங்கி மெசின் காட்டியது. அவவோ காய்ச்சல்கூட இல்லாமல், "தம்பி, பின்னேர பஸ் போயிடும்" என்று அந்தரப்பட்டுக்கொண்டு நின்றா. திருப்பி ஓட்டினேன், இன்னும் குறைந்தது.

ஒரு துளியைப் பூசிச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். பூச்சின் ஓரமெல்லாம் ஊதாத் திட்டுக்களாகச் சிறுதட்டுக்கள் ஒட்டிக் கிடந்தன. மெசின் பருமனை வைத்துத்தான் எண்ணும். கட்டியைச் சிறுதட்டு என்று கணக்கெடுக்காது. ஊதா மூடிக் குழாயில் குருதி உறையாமலிருக்கச் சேர்த்திருக்கும் ஈடிடிஏ, சிலரின் குருதியில் சிறுதட்டுக்களை இப்படி ஒட்டவைக்கும். நீல மூடி சிட்ரேட் குழாயில் புதிதாக எடுத்து உடனே ஓட்டி, சிட்ரேட் திரவம் குருதியை ஐதாக்குவதால் 1.1 ஆல் பெருக்கினேன்: 194,000.

அம்மாவுக்கு பஸ்ஸும் கிடைத்தது. இப்போது 100,000க்குக் கீழே எது வந்தாலும் பூச்சைப் பார்க்காமல் நான் பதிவதில்லை.