ஹிட்லரைக் கொன்றிருந்தால் போர் நின்றிருக்குமா? இந்த விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரைப் பற்றி நாலு பேர் பேசினால் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அந்த ஆளை முன்னாடியே போட்டுத் தள்ளியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" கேள்வியில் தப்பில்லை, பதில்தான் பெரும்பாலும் சொதப்பும். ஒரு கட்சி, அன்றைக்கே போர் முடிந்து கோடிப் பேர் பிழைத்திருப்பார்கள் என்னும். இன்னொரு கட்சி, ஒன்றும் மாறியிருக்காது, அவன் போனால் இன்னொருவன் வந்திருப்பான் என்று கையை உதறிவிடும். இரண்டுமே சோம்பேறித்தனமான பதில்கள். எந்தத் தேதியில் கொன்றிருந்தால், மறுநாள் காலை யார் கையில் அதிகாரம் இருந்திருக்கும் என்ற இரண்டையும் கேட்காமல் இதில் ஒரு வாக்கியம்கூட உருப்படியாகச் சொல்ல முடியாது.

தேதி இல்லாமல் பேசுவது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சிகள் ஒன்றிரண்டு அல்ல, ஒவ்வொன்றின்போதும் போர் வேறொரு கட்டத்தில் இருந்தது.

1939 நவம்பர் 8-ஐ எடுத்துக்கொள்வோம். மூனிச்சில் பியூர்கர்பிராய் என்ற பீர் அரங்கம், ஹிட்லர் ஆண்டுதோறும் அதே நாளில் பேசும் இடம். கியோர்க் எல்சர் என்ற தச்சர், பின்னால் எந்தக் கட்சியும் எந்தத் தளபதியும் இல்லாமல், முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் அந்த அரங்கத்தில் ஒளிந்திருந்து, மேடைக்குப் பின்னால் இருந்த தூணைக் குடைந்து குண்டு வைத்தார். கடிகாரச் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று பொந்துக்குள் கார்க் பதித்தார். அலங்காரம் கட்டுகிறவன் எவனாவது ஆணி அடித்துவிட்டால் என்ன செய்வது என்று தகரமும் வைத்தார். ஒரு கடிகாரம் நின்றாலும் இன்னொன்று ஓடட்டும் என்று இரண்டு கடிகாரங்கள். வேலையில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு மூடுபனி, விமானத்தை நம்ப முடியாமல் ரயிலில் பெர்லின் திரும்ப வேண்டியிருந்ததால் ஹிட்லர் பேச்சைச் சீக்கிரம் முடித்து 9.07-க்கே வெளியேறிவிட்டார். குண்டு 9.20-க்குச் சரியாக வெடித்தது. எட்டுப் பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் அங்கே பரிமாறிக்கொண்டிருந்த பெண்.

அந்தப் பதின்மூன்று நிமிடம்தான் என்னைக் கேட்டால் இந்த முழு விவாதத்திலும் கனமான நிமிடங்கள். ஏனென்றால் போர் தொடங்கி அன்றுவரை போலந்து மட்டும்தான் விழுந்திருந்தது. பிரான்ஸ் விழவில்லை, சோவியத் யூனியன் மீது படையெடுப்பு இல்லை, ட்ரெப்ளிங்கா போன்ற கொலை முகாம்கள் கட்டப்படவே இல்லை. தனக்கு ஏதாவது ஆனால் அடுத்தது விமானப்படைத் தலைவர் கோரிங் என்று ஹிட்லர் செப்டம்பர் 1 அன்றே நாடாளுமன்றத்தில் சொல்லியிருந்தார். அந்தக் கோரிங்தான் ஆகஸ்டில் ஒரு ஸ்வீடன் வியாபாரி மூலம் லண்டனோடு பேச்சு நடத்திப் பார்த்தவர். நல்லவர் என்று சொல்ல வரவில்லை, கெஸ்டபோ என்ற ரகசியப் போலீஸை உருவாக்கியதே அவர்தான். ஆனால் பிரான்ஸ் மீது பாய்வதற்குப் பெரிய தளபதிகளே அப்போது பயந்துகொண்டிருந்தார்கள், ஆர்டென் காட்டு வழியாகப் போகும் துணிச்சலான திட்டத்துக்குப் பிறகு தோள் கொடுத்தவர் ஹிட்லர். ஹிட்லர் இல்லையென்றால் 1940 மே மாதப் பிரான்ஸ் படையெடுப்பு நாம் படித்த மாதிரி நடந்திருக்காது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். (நம்மைக் கேட்காமல் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டதற்காகச் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது அந்த அக்டோபர் கடைசியில்தான். போர் அத்தோடு அடங்கியிருந்தால் நம் ஊர் அரசியல் எந்தப் பக்கம் போயிருக்கும் என்பது தனிக் கதை.)

இதே கேள்வியை, ஜெர்மன் ராணுவ அதிகாரிகளே ஹிட்லருக்குக் குண்டு வைத்த 1944 ஜூலை 20-க்கு வைத்துப் பாருங்கள். நார்மண்டியில் நேச நாடுகள் இறங்கி ஆறு வாரம் ஆகிவிட்டது. கிழக்கே சோவியத் படை மின்ஸ்க் நகரைப் பிடித்து, ஜெர்மனியின் மத்தியப் படைத்தொகுதியை நொறுக்கித் தள்ளிவிட்டது. இங்கே கேள்வி போரில் யார் ஜெயிப்பது என்பதே இல்லை, எவ்வளவு சீக்கிரம் முடியும் என்பதுதான். 1939-க்கான பதிலை எடுத்து 1944-க்கு ஒட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் தவற விடுகிறார்கள்.

குண்டு வெடித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது

ஜூலை 20 என்றாலே எல்லோரும் மேசைக்காலைப் பற்றித்தான் பேசுவார்கள். கர்னல் ஸ்டாஃபென்பெர்க் ஹிட்லரின் ஆலோசனை அறையில் குண்டு இருந்த கைப்பெட்டியை வைத்துவிட்டு வெளியே போனார், பிராண்ட் என்ற அதிகாரி அதைக் கனமான ஓக் மரத் தாங்கிக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார், ஹிட்லர் கிழிந்த கால்சட்டையோடும் ஓட்டை விழுந்த செவிப்பறையோடும் தப்பித்தார் என்ற கதை. (இதே பிராண்டிடம்தான் 1943 மார்ச்சில் மதுபாட்டில் என்று சொல்லி வெடிகுண்டுப் பொட்டலத்தைக் கொடுத்து ஹிட்லரின் விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள், அது வெடிக்காமல் போனது. இரண்டாவது முறை பாவம் அவரே செத்தார்.) அதற்கு முந்தைய கட்டம் இன்னும் முக்கியம். ஸ்டாஃபென்பெர்க்குக்கு வலது கை கிடையாது, இடது கையில் மூன்று விரல்கள், ஒரு கண். குண்டை முடுக்க அந்த மூன்று விரலால் இடுக்கியைப் பிடித்து அமிலக் குப்பியை நசுக்கிக்கொண்டிருக்கும்போதே சீக்கிரம் வரச்சொல்லிக் கதவண்டை ஆள் வந்துவிட்டான். இரண்டு வெடிபொருள் கட்டிகளில் ஒன்றைத்தான் தயார் செய்ய முடிந்தது. மற்றதையும் சும்மா பெட்டிக்குள் போட்டிருந்தாலே அதுவும் சேர்ந்து வெடித்திருக்கும். அவசரத்தில் துணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டார், அவர் விமான நிலையம் போகும் வழியில் அதைக் காரிலிருந்து தூக்கி எறிந்தார்.

சரி, ஹிட்லர் செத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்? குண்டு வெடித்தது 12.42-க்கு. பெர்லினில் இருந்த சதிகாரர்களோ, ஆள் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல், ஆட்சியைக் கைப்பற்றும் வால்கைரி உத்தரவை மாலை நாலு மணிவாக்கில்தான் அனுப்பத் தொடங்கினார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் வீண். வானொலி நிலையத்தைப் பிடித்தும் ஒலிபரப்பை நிறுத்தவில்லை. அரசு அலுவலகங்கள் இருந்த பகுதியைச் சுற்றி வளைக்கப் போன மேஜர் ரேமரைப் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தொலைபேசியில் ஹிட்லரையே பேசவைத்தார். என் குரல் அடையாளம் தெரிகிறதா என்ற கேள்வி. அவ்வளவுதான், புரட்சியை நடத்த வந்த படை புரட்சியை அடக்கக் கிளம்பிவிட்டது.

ஹிட்லர் உண்மையிலேயே இறந்திருந்தால் அந்தத் தொலைபேசி அழைப்பு நடந்திருக்காது என்பது உண்மை, படைவீரர்கள் ஹிட்லரின் பெயர் சொல்லி எடுத்த சத்தியமும் அவரோடு செத்திருக்கும். பாரிஸில் அன்றிரவு நாஜிக் கட்சியின் சொந்தப் படையான எஸ்.எஸ்.-ஐச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை ராணுவமே பிடித்து அடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும், ஆள் செத்தார் என்று நம்பிய இடத்தில் திட்டம் வேலை செய்தது. ஆனால் அன்று கோரிங்கும் ஹிம்லரும் அந்த அறையில் இல்லை. ஆயுதம் தாங்கிய எஸ்.எஸ். படை முழுக்க ஹிம்லர் கையில், சட்டப்படியான வாரிசு கோரிங், தலைநகரில் நாக்கு சாமர்த்தியத்தோடு கோயபல்ஸ். ஆக, கிடைத்திருக்கக்கூடியது சமாதானம் அல்ல, சில நாளோ சில வாரமோ ஜெர்மானியனும் ஜெர்மானியனும் சுட்டுக்கொள்ளும் குழப்பம். அதில் யார் தேறியிருப்பார் என்று அடித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

சதிகாரர்களைப் புனிதர் ஆக்குவது

ஸ்டாஃபென்பெர்க், அவரோடு சதியை முன்னின்று திட்டமிட்ட ராணுவ அதிகாரி ட்ரெஸ்கோ போன்றவர்களின் துணிச்சலை யாரும் குறைத்துப் பேச முடியாது. அதற்காக அந்தக் கூட்டம் முழுவதும் ஜனநாயகவாதிகள் என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம். அந்த வட்டத்தில் இருந்த ஆர்தர் நேபே 1941-ல் கிழக்கே யூதர்களைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக்கொன்ற கொலைப் பிரிவுகளில் ஒன்றுக்குத் தலைவர். பிரதமர் ஆகவிருந்த கோர்டலர் 1943-லும்கூட ஆஸ்திரியாவும் செக்கோஸ்லோவாக்கியாவிடமிருந்து பிடுங்கிய சுடேட்டன்லாந்தும் ஜெர்மனியிடமே இருக்கும், கிழக்கு எல்லை 1914-ல் இருந்தபடி திரும்பும் என்ற கணக்கில் இருந்தார். பிரதேசத்தை வைத்துக்கொண்டு போரை மட்டும் நிறுத்தலாம் என்ற கணக்கு அது.

இதோடு ஒட்டிய தவறு, எதிர்த்தரப்பு உடனே கைகுலுக்கியிருக்கும் என்று நினைப்பது. 1943 ஜனவரியில் காசாபிளாங்காவில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் நிபந்தனையற்ற சரணாகதி தவிர வேறு பேச்சே இல்லை என்று அறிவித்தாயிற்று. ஜெர்மனியை எப்படிக் கூறு போடுவது என்று லண்டனில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள், 1944 செப்டம்பரில் அதற்குக் கையெழுத்தும் ஆகிவிட்டது. ஸ்டாலின் பாதி வழியில் நின்றிருப்பார் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

நிஜமாகவே நடந்ததைப் பார்க்காமல் கற்பனைக்கு ஓடுவது

இது எனக்கு எப்போதும் ஆச்சரியம். பெரிய தலை ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அதே போரிலேயே உதாரணங்கள் கிடக்கின்றன, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முசோலினி. 1943 ஜூலை 25-ல் அவருடைய சொந்தக் கட்சியின் பேரவையும் மன்னரும் சேர்ந்து அவரைத் தூக்கி எறிந்தார்கள். சர்வாதிகாரி போனார், போர் போயிற்றா? புதிய அரசு நாற்பத்தைந்து நாள் இழுத்தடித்து செப்டம்பர் 8-ல் போர்நிறுத்தம் அறிவித்தது. அதற்குள் ஜெர்மன் படை இத்தாலிக்குள் குவிந்து, நாட்டைப் பிடித்து, முசோலினியையும் மீட்டு வடக்கே ஒரு பொம்மை அரசில் உட்காரவைத்தது. அங்கே சண்டை ஓய்ந்தது 1945 மே 2-ல். யூதர்களை இத்தாலியிலிருந்து ரயிலேற்றியதே இந்த இடைக்காலத்தில்தான்.

ஹெய்ட்ரிஷ். எஸ்.எஸ். படையில் ஹிம்லருக்கு அடுத்த நிலையில் இருந்த இவரை 1942 மே 27-ல் பிராக்கில் செக்கோஸ்லோவாக்கியப் போராளிகள் தாக்கினார்கள், ஜூன் 4-ல் இறந்தார். பதிலுக்கு லிடிட்சே கிராமத்தில் 173 ஆண்களை அங்கேயே சுட்டார்கள், ஊரைத் தரைமட்டம் ஆக்கினார்கள். போலந்து யூதர்களை அழிக்கும் நடவடிக்கைக்கு அவர் பெயரையே வைத்தார்கள், அடுத்த மாதங்களில் அந்தக் கொலைகள் உச்சத்துக்குப் போயின. ஆளைக் கழித்தாலும் எந்திரம் ஓடும் என்பதற்கு இதைவிடக் கொடூரமான சான்று வேண்டாம். ஆனால் ஹெய்ட்ரிஷ் இரண்டாம் கட்டத் தலைவர், ஹிட்லர் இருந்த இடம் வேறு. அதனால் இதை வைத்து "ஒன்றும் மாறியிருக்காது" என்ற கட்சியும் குதிக்க வேண்டாம்.

"ஹிட்லர் மோசமான தளபதி, அவர் இல்லாவிட்டால் ஜெர்மனி ஜெயித்திருக்கும்"

இது பாதி உண்மை. 1944-ல் பிரிட்டனின் எஸ்.ஓ.இ. என்ற ரகசிய அமைப்பு, பெர்க்ஹோஃப் மலைவீட்டில் ஹிட்லர் தேநீர் விடுதிக்கு நடந்து போகும் வழியில் சுட்டுக் கொல்ல ஒரு திட்டம் போட்டது. உள்ளேயே எதிர்ப்பு வந்தது: இந்த ஆள் எடுக்கும் முடிவுகள் நமக்குத்தான் சாதகம், கொன்று தியாகி ஆக்குவானேன் என்று. திட்டம் காகிதத்தோடு நின்றது. ஆனால் அதை வைத்து ஜெர்மனி ஜெயித்திருக்கும் என்று தாவ முடியாது. எண்ணெய் இல்லை, வானம் கையில் இல்லை, எதிரே அமெரிக்கத் தொழிற்சாலைகளும் சோவியத் படையும். கெட்டிக்காரத் தளபதி வந்திருந்தால் பின்வாங்குவது கொஞ்சம் ஒழுங்காக நடந்திருக்கும், அவ்வளவுதான்.

உயிர்க்கணக்கில் அவசரப்படுவது

1944 ஜூலையில் கொன்றிருந்தால் யூதப் படுகொலையே நடந்திருக்காது என்கிற மாதிரி எழுதுகிறார்கள். அந்த ஆண்டு மே 15-க்கும் ஜூலை 9-க்கும் நடுவில் மட்டும் ஹங்கேரியிலிருந்து ஏறத்தாழ 4,37,000 பேரை ரயிலேற்றியிருந்தார்கள், பெரும்பாலோர் போனது ஆஷ்விட்சுக்கு. கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பகுதி அதற்குள் கொல்லப்பட்டுவிட்டார்கள். மறுபக்கம், ஜெர்மன் படையின் மொத்தச் சாவில் பாதிக்கு நெருக்கமானது ஜூலை 1944-க்குப் பிந்தைய பத்தே மாதத்தில் விழுந்தது. வார்சா எழுச்சி, லண்டன் மீது வி-2 ஏவுகணைகள், டிரெஸ்டன் நகர் மீது குண்டுவீச்சு, குளிர்காலத்தில் முகாம்களிலிருந்து நடத்திய மரண நடைகள் எல்லாமே அதற்குப் பிறகுதான். ஆகவே யார் பிழைத்திருப்பார்கள் என்பதற்கும் தேதிதான் பதில்.

இன்னொன்று, உலகப் போர் என்றால் ஐரோப்பா மட்டுமல்ல. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோய்ச் சாகடித்த சயாம் மரண ரயில்பாதை 1943 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. பெர்லினில் யார் செத்தாலும் ஜப்பானோடு நடந்த போர் தன் வழியில் போயிருக்கும்.

சங்கிலியை நீட்டிக்கொண்டே போவது

ஹிட்லர் செத்தால் பனிப்போர் இல்லை, ஐ.நா. இல்லை, இந்தியாவுக்குச் சுதந்திரம் 1960-ல் என்று அடுக்குகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு "இருக்கலாம்" ஒளிந்திருக்கிறது. மூன்று கண்ணிக்கு மேல் போனால் அது வரலாறு இல்லை, கதை.

பக்கத்திலேயே நின்று கேட்டால் கிடைக்கும் ஒரு கேள்வியோ பெரும்பாலும் விட்டுப்போகிறது: ஜெர்மானியர்கள் அந்தக் கொலையை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள்? முதல் உலகப் போரில் தோற்றதற்கே, படை தோற்கவில்லை, உள்ளே இருந்தவர்கள் முதுகில் குத்திவிட்டார்கள் என்ற பொய்தான் நாஜிகளுக்கு உரம். ஜூலை 20 தோற்றது, ஹிட்லர் தானே தற்கொலை செய்துகொண்டார், நாடு சாம்பலாகி நிபந்தனையின்றிச் சரணடைந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அதே ரேமர் முன்னணியில் நின்று பேசிய ஒரு கட்சி 1951-ல் லோயர் சாக்சனி மாநிலத் தேர்தலில் 11 சதவீத வாக்கு வாங்கியது. சதிகாரர்கள் தேசத் துரோகிகள் என்று மேடையில் பேசியதற்காக 1952-ல் ரேமருக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள், அந்தக் கட்சியையும் அதே ஆண்டு தடை செய்தார்கள். குண்டு ஹிட்லரைக் கொன்றிருந்தால், ரஷ்யப் படை பெர்லினை நெருங்கும் முன்பே ஜெர்மனி சரணடைந்திருந்தால், ரேமர் போன்றவர்களுக்கு எத்தனை சதவீதம் கிடைத்திருக்கும்?