வீட்டில் பவளம் வளர்க்க எந்தத் தொட்டி, எந்த விளக்கு?

முதல் தொட்டிதானே என்று சின்னதாக வாங்காதீர்கள். 30 லிட்டர் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஆவியானாலே உப்பு ஏறிவிடும். 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 125 லிட்டர் பிடிக்கும், தொடங்க அது சரியான அளவு. உயரமான தொட்டி பார்க்க அழகுதான், ஆனால் ஆழம் கூடக்கூட அடியில் விழும் ஒளி குறையும், சுத்தம் செய்யக் கையும் எட்டாது. பாறையோடு எடை 150 கிலோவைத் தாண்டும், ஆகவே ஸ்டாண்டு உறுதியாக இருக்கட்டும்.

விளக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் ஒளியைக் கொண்டு உணவு சமைத்து அதற்குப் பெரும்பங்கு சாப்பாடு போடுகிறது, அந்தப் பாசிக்கு 420 முதல் 480 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளி நன்றாக வேண்டும். வாட்ஸைப் பார்த்து வாங்காமல் 'பார்' (PAR, பாசி உணவு சமைக்கப் பயன்படும் ஒளியின் அளவு) எவ்வளவு என்று கேளுங்கள்: மஷ்ரூம், ஜோவான்தஸ் போன்ற மென்மையான வகைகளுக்கு 50–150 போதும், கிளைவிடும் கல் பவளமான அக்ரோபோராவுக்கு 200க்கு மேல் தேவை, புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். எல்இடியைக் குறைந்த ஒளியில் தொடங்கி, சில வாரங்களில் மெல்ல ஏற்றுங்கள், தினம் 8–10 மணி நேரம். எடுத்தவுடன் முழுசாகப் போட்டால் பவளத்தின் பழுப்பு நிறம் வெளுத்து, உள்ளே வெள்ளை எலும்பு தெரிய ஆரம்பிக்கும்.

சென்னை வெயிலுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள், தண்ணீர் 24–27 டிகிரியில் நிற்க வேண்டும். அப்புறம், மன்னார் வளைகுடாவில் எடுத்த பவளத்தை யாராவது மலிவாகத் தந்தால் தொடாதீர்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.