கடலுக்குள் சிலை: கட்டுக்கம்பியில் தொடங்கும் தவறு

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் உடைந்த புரொப்பெல்லர், அறுந்த கயிறு, வெடித்த ஃபைபர் பலகை எல்லாம் எடைக்குக் கிடைக்கும். தண்ணீருக்கடியில் இறக்கிப் படம் எடுப்பதற்காக, அவற்றை வைத்து வலை பின்னும் பெண்ணின் சிலை ஒன்றைச் செய்தேன். கைகளைக் கட்டுக்கம்பியால் முறுக்கி, கடல்நீர் நிரப்பிய பேரலில் இறக்கினேன். மூன்றாம் வாரம் கம்பி துருப்பிடித்து அறுந்து, வலது கை பேரலின் அடியில் கிடந்தது. பக்கத்தில் வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவர், "கயிறு இருக்கும்போது கம்பி எதற்குத் தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

பொருளைத் தேடித் தேடிச் சேர்க்கிறோம். அதைப் பிணைப்பது எது என்று யோசிப்பதில்லை. 1970களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலோரத்தில், மீன் சேரும் என்று நம்பி, ஏறத்தாழ 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டுக்கட்டாக இறக்கினார்கள். கட்டிய பட்டைகள் துருப்பிடித்தும் அறுந்தும் போயின. அவிழ்ந்த டயர்கள் அலையில் உருண்டு, அருகிலிருந்த உயிருள்ள பவளப் பாறைகளை நொறுக்கின.

வெண்கலப் புரொப்பெல்லரை இரும்பு போல்ட் போட்டு முடுக்குவதும் இதே வகைதான். உப்புநீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றுக்கு இரையாகும்; இங்கே இரையாவது இரும்பு. படகின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவது ஏன் என்று கேட்டால் எந்த மெக்கானிக்கும் சொல்வார்: அது கரையும், படகு தப்பும்.

சிலைக்கு வலையைச் சேலையாகச் சுற்றினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கடலுக்குள் போனதும் அது மறுபடி வலையாகிவிடும். முட்டையிடக் கரைக்கு வரும் பங்குனி ஆமைக்குக் கலை தெரியாது. தொட்டியில் வைத்துப் படம் எடுங்கள், எடுத்ததும் வெளியே இழுத்துவிடுங்கள். அனுமதியில்லாமல் கடலில் எதையும் இறக்க வேண்டாம். சிலையைச் சிமெண்டில் வார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: சாதாரண சிமெண்டின் காரத்தன்மை அதிகம். கரீபியன் தீவு நாடான கிரெனடாவின் மோலினியர் விரிகுடாவில் 2006இல் கடலடிச் சிற்பப் பூங்கா தொடங்கிய சிற்பி ஜேசன் டிகேரஸ் டெய்லர், காரம் குறைந்த கலவையில் சிலை வார்க்கிறார். பவளம் ஒட்டி வளர வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

கேமராவுக்கு வந்தால், எட்ட நின்று எடுப்பதுதான் பெரிய தவறு. கூவமும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து கொட்டும் வண்டலில் நம் கரையோரக் கடல் பெரும்பாலும் கலங்கல். சிலைக்கும் லென்ஸுக்கும் நடுவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ, அவ்வளவு மங்கல். அகன்ற கோண லென்ஸ் போட்டு ஒரு முழத் தூரத்துக்குள் வாருங்கள். ஃபிளாஷை லென்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்தால் மிதக்கும் துகள்கள் எல்லாம் வெள்ளைத் தூறலாகப் படத்தில் விழும். இரு பக்கமும் கை நீட்டி விலக்கிப் பிடிக்க வேண்டும். அதற்காக ஃபிளாஷே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். மேலே பளிச்சென்றிருந்த, சிலையில் பொருத்திய சிவப்பு மிதவை ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் பழுப்பேறிப் போகும். பிறகு கணினியில் எவ்வளவு சிவப்பை ஏற்றினாலும் வருவது புள்ளிகள்தான், மிதவை வராது.